வண்டி தூக்கிப் போடுதா? சாவியைப் பிடுங்கும் முன் காத்தைப் பாருங்க!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் நாங்கள் சேமிப்பு, கடன் தவணை, பதிவேடு பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதென்ன, களப்பணியாளர்கள் மெக்கானிக் ஆயிட்டாங்களா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. ஆகவில்லை அக்கா. ஆனால் ஒரு வண்டியால் நாங்கள் பட்ட பாட்டையும், அதில் கற்றுக்கொண்டதையும் உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது சரியில்லை.

தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில் குழுக் கடன் என்றாலே கறவை மாடு, ஆடு, பெட்டிக்கடை என்றுதான் பேச்சு. இன்றைக்கு நம் கூட்டமைப்பில் ஷேர் ஆட்டோ ஓட்டும் சகோதரி இருக்கிறார். லோடு வண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மாடு வாங்கும்போது பல் பார்க்கிறோம், மடி பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். மாடு தீவனம் எடுக்காவிட்டால் காரணம் தேடுகிறோம். வண்டிக்கு மட்டும் ஏன் "எனக்கு ஒண்ணும் தெரியாது, கடைக்காரர் சொன்னா சரி" என்று விட்டுவிடுகிறோம்?

நடந்தது என்ன?

நம் குழுக்களில் ஒன்றில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கினார்கள். எந்த ஊர், எந்தக் குழு என்பது இங்கே பலருக்குத் தெரியும். அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர் சொல்லவில்லை. வாடகை வண்டியாகவே பதிவு செய்த மஞ்சள் போர்டு வேன். வாரத்தில் நான்கு நாள் காலையில் காய்கறியும் நாட்டுக்கோழி முட்டையும் ஏற்றிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போகும். மற்ற நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, விசேஷத்துக்கு என்று வாடகைக்குப் போகும். ஐந்து பேரில் ஒரு அக்காதான் ஓட்டுநர். முறையாகப் பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கியவர். முதல் ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் வண்டி தூக்கிப் போட ஆரம்பித்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் பின்சீட்டில் இருப்பவர் தலை கூரையில் இடிக்கிறது. வேகத்தடை தாண்டினால் வண்டியின் பின்பக்கம் எழும்பி எழும்பி அடங்குகிறது. முட்டைத் தட்டு ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு உடைகிறது. ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கச்சி, "நான் பஸ்ஸிலயே போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

குழுக் கூட்டத்தில் பேச்சு எங்கே போனது தெரியுமா? வண்டியைப் பற்றி இல்லை. ஓட்டுகிற அக்காவைப் பற்றி! "பள்ளம் பார்த்து ஓட்டத் தெரியல", "பொம்பளை ஓட்டுனா இப்படித்தான்", "எங்க வீட்டுக்காரர் சும்மாத்தானே இருக்கார், அவர்கிட்ட சாவியைக் குடுத்துருவோம்." பெண்கள் கூட்டத்தில், பெண்களின் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் இவை. ஓட்டுநர் அக்கா ஒன்றும் பேசவில்லை. சாவியை எடுத்துப் பாயில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு நாங்களும் அங்கே இருந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும். நாங்களும் தடுக்கவில்லை. "ஒரு மாசம் மாத்திப் பார்க்கலாமே" என்று தலையாட்டினோம். சமூகப்பணி படித்துவிட்டு, பாலின சமத்துவம் பற்றி உங்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். தீர்மானப் புத்தகத்தில் தீர்மானம் எழுதியாகிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கணக்குப் புத்தகம் சொன்ன சாட்சி

கையெழுத்துப் போடும் முன் கணக்கு எழுதும் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, முட்டை உடைசல் கணக்கு நம்மகிட்ட இருக்கே, அதைப் பார்ப்போமா?"

இந்தக் குழுவில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு நடைக்கும் தேதி, ஏற்றிய சரக்கு, யார் ஓட்டியது, டீசல், டோல், பஞ்சர் செலவு, முட்டை உடைசல் எல்லாம் நோட்டில் எழுதுவார்கள். நோட்டை விரித்தோம். மூன்று விஷயம் தெரிந்தது.

ஒன்று: ஓட்டுநர் அக்காவுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள் ஒரு உறுப்பினரின் வீட்டுக்காரர்தான் வண்டி ஓட்டியிருக்கிறார். அந்த இரண்டு நாளும் உடைசல் குறையவில்லை.

இரண்டு: வண்டியில் காய்கறி மூட்டை நிறைய இருந்த நாளில் உடைசல் குறைவு. முட்டையை மட்டும் ஏற்றி வண்டி கிட்டத்தட்டக் காலியாகப் போன நாளில் உடைசல் அதிகம். ஆட்கள் கூட்டமாக ஏறும் நாளில்தான் வண்டி குதிக்கும் என்று நாம் நினைப்போம். இங்கே தலைகீழாக இருந்தது.

மூன்று: உடைசல் எப்போது கூடியது என்று பக்கம் பக்கமாகப் பின்னால் போனோம். ஒரு தேதியில் போய் நின்றது. அதற்கு முந்தின நாள் செலவுப் பத்தியில் "பின் டயர் பஞ்சர், நாலு டயருக்கும் காத்து" என்று எழுதியிருந்தது.

ஆக, ஓட்டுகிறவர் மாறினாலும் குதிப்பு மாறவில்லை. பாரம் குறைந்தால் குதிப்பு கூடுகிறது. பஞ்சர் போட்ட மறுநாளிலிருந்து கூடியிருக்கிறது. இதை வைத்துப் பார்த்தால் தவறு யாரிடம்? அக்காவிடமா, டயரிடமா? அந்த மூன்று வரியைப் படித்தபோது கூட்டம் அமைதியாகிவிட்டது. தீர்மானத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

தூளியும் ஸ்பிரிங்கும்

வண்டி ஏன் குதிக்கிறது என்று புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம். நம் வீட்டில் குழந்தைக்குக் கட்டும் ஸ்பிரிங் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு இழு இழுத்து விட்டால் அது மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். தானாக நிற்க நேரமாகும். நாம் கையை வைத்து மெதுவாகப் பிடித்தால் நின்றுவிடும்.

வண்டியிலும் இதேதான். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த அதிர்ச்சியை முதலில் டயருக்குள் இருக்கும் காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. மீதியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. இந்த மாதிரி வேன்களில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இருக்கும். பின்பக்கம் சில வண்டிகளில் சுருள், சில வண்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகள். ஒர்க்‌ஷாப்பில் அதைப் பட்டை என்பார்கள். ஸ்பிரிங் வாங்கிய அதிர்ச்சியைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது. திருப்பி எறியும். விட்டால் தூளி மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும் கைதான் ஷாக் அப்சர்பர். அது ஒரு குழாய். உள்ளே ஆயில் இருக்கும், ஒரு பிஸ்டன் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது ஆயில் சின்னச் சின்ன ஓட்டை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அந்தச் சிரமத்தில்தான் ஆட்டம் அடங்குகிறது. ஆட்டத்தின் வேகம் சூடாக மாறிப் போய்விடுகிறது. அதனால்தான் மோசமான ரோட்டில் ஓடிய பிறகு நல்ல ஷாக் அப்சர்பர் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். வேலை செய்யாதது சில்லென்று இருக்கும்.

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சர்பர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிப் பணத்தைத் தொலைப்போம்.

முதலில் காத்து

குழுவில் இதைப் பேசுவதற்கு முன்பே வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருந்தார்கள். அங்கே வண்டியை ஓட்டியும் பார்க்கவில்லை, கீழே குனிந்தும் பார்க்கவில்லை. "பழைய வண்டிம்மா, முன்னாடி பின்னாடி எல்லாத்தையும் மாத்தணும், 23,000 ஆகும்" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டை வைத்துத்தான் குழுவில் அவசரக் கடன் கேட்டிருந்தார்கள். நாங்களும் பரிந்துரை எழுதத் தயாராக இருந்தோம்.

கணக்கு நோட்டைப் பார்த்த மறுநாள் காலையில், வண்டி கிளம்பும் முன், பெட்ரோல் பங்க்கில் காத்து அளந்தோம். பின் டயர் இரண்டிலும் இருக்க வேண்டியதை விட 15 பவுண்டுக்கு மேல் அதிகம்! எப்படி வந்தது? பஞ்சர் கடைத் தம்பி டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து அடித்திருக்கிறான். "லோடு ஏத்துற வண்டிதானேக்கா, நல்லா டைட்டா இருக்கட்டும்னு அடிச்சேன்" என்றான். கெட்ட எண்ணம் இல்லை. தெரியவில்லை, அவ்வளவுதான்.

சகோதரிகளே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண் அந்த டயர் அதிகபட்சமாகத் தாங்கும் அளவு. உங்கள் வண்டிக்கு அடிக்க வேண்டிய அளவு அது இல்லை. அடிக்க வேண்டிய அளவு வண்டிக் கம்பெனி கொடுத்த ஸ்டிக்கரில் இருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு ஓரத்திலோ தூணிலோ ஒட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் வண்டியுடன் வந்த கையேட்டில் இருக்கும். முன் டயருக்கு ஒரு அளவு, பின் டயருக்கு ஒரு அளவு. பல வண்டிகளில் ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவு, முழுப் பாரத்துக்கு ஒரு அளவு என்றும் போட்டிருப்பார்கள். பழைய வண்டியில் ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால், அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கதவின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.

காத்து அதிகமானால் டயர் கல்லு மாதிரி ஆகிவிடும். பள்ளத்தின் அடியைத் தான் வாங்காமல் அப்படியே மேலே தள்ளிவிடும். பின்னால் பாரம் இல்லாதபோது பட்டையும் வளைந்து கொடுக்காது. அதனால்தான் காலி வண்டி அதிகமாகக் குதித்தது, முட்டை மட்டும் போன நாளில் உடைசல் கூடியது. அதற்காகக் காத்தைக் குறைவாக வைத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். குறைந்தால் டயர் சூடேறும், ஓரம் தேயும், வேகத்தில் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. டீசலும் கூடச் செலவாகும்.

காத்தை டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ரொம்ப தூரம் ஓட்டிவிட்டு அளந்தால் சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காத்தை இறக்கிவிடக் கூடாது.

பாதி சரியானது, மீதி பாதி?

காத்தைச் சரி செய்ததும் "டம் டம்" என்று அடிக்கும் முரட்டுக் குலுக்கல் அன்றைக்கே குறைந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ஓட்டுநர் அக்கா மட்டும், "இன்னும் ஒண்ணு இருக்கு, வேகத்தடை தாண்டினா பின்னாடி மூணு நாலு தடவை ஆடித்தான் நிக்குது" என்றார். முதலிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். நாங்கள்தான் கேட்கவில்லை. தினமும் ஸ்டீயரிங் பிடிப்பவருக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது.

எழும்பி எழும்பி அடங்குகிறது என்றால் என்ன? தூளியைப் பிடிக்கும் கை இல்லை என்று அர்த்தம். குனிந்து பார்த்தோம். வலது பின் ஷாக் அப்சர்பரின் உடம்பு முழுக்க ஆயில் கசிந்து, அதில் புழுதி ஒட்டி, சேறு பூசினது மாதிரி இருந்தது. இடது பக்கம் கசிவு இல்லை, ஆனால் மேலே மாட்டியிருக்கும் ரப்பர் புஷ் பிய்ந்து போயிருந்தது. பட்டையில் உடைசல் இல்லை. முன்பக்கம் சுத்தமாக இருந்தது.

இந்த முறை வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். "என்ன ஆச்சுன்னு தெரியல அண்ணே" என்று சொல்லவில்லை. ஓட்டுநர் அக்காவே பேசினார். "காத்து சரியா இருக்கு. முன்னாடி குறை இல்லை. பின்னாடி வலது ஷாக்ல ஆயில் லீக், இடதுல புஷ் போயிருக்கு. நீங்க உட்காருங்க, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுறேன்." மெக்கானிக் அண்ணன் கூட உட்கார்ந்து போனார். திரும்பி வந்து, "பின்னாடி ரெண்டு ஷாக்கும் புஷ்ஷோட மாத்துனா போதும்மா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். கூலியோடு 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. 23,000 ரூபாய் அவசரக் கடன் விண்ணப்பத்தைக் குழு திரும்ப வாங்கிக்கொண்டது. அந்தப் பணம் அந்த மாதம் வேறொரு உறுப்பினரின் மகள் நர்சிங் படிப்புக் கட்டணத்துக்குப் போனது.

ஒரு பக்கம்தான் ஆயில் லீக், ஏன் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காது. வளைவிலும் பிரேக் போடும்போதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதனால் முன்னாடி என்றால் முன்னாடி ஜோடி, பின்னாடி என்றால் பின்னாடி ஜோடி. நான்கையும் மாற்ற வேண்டியதில்லை.

வெறும் சொகுசுக்காகவா இதெல்லாம்?

இல்லை. ஷாக் அப்சர்பர் போன வண்டியில் குதிக்கும்போது டயர் ரோட்டை விட்டு எழும்புகிறது. எழும்பிய டயருக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்? வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். மழையில் வழுக்கும். வளைவில் வால் ஆடும். டயர் ஒரே சீராகத் தேயாமல் குழி குழியாகத் தேயும். ஓட்டுகிறவருக்கு முதுகுவலி, கழுத்துவலி. இது நம் உயிர் சம்பந்தப்பட்டது.

நீங்களே பார்க்கக்கூடிய அடையாளங்கள்

எல்லாக் குதிப்பும் ஒரே குதிப்பு இல்லை. எங்களுக்கு மெக்கானிக் அண்ணன் சொன்னதையும், நாங்கள் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

வேகத்தடை தாண்டிய பிறகும் படகு மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால்: ஷாக் அப்சர்பர்.

ஒவ்வொரு சின்னக் கல்லுக்கும் "டம்" என்று முதுகில் அடித்தால்: முதலில் காத்து. அது சரி என்றால் பாரம் அதிகமா, ஸ்பிரிங் அமுங்கிப் போச்சா என்று பாருங்கள்.

நல்ல ரோட்டில், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங்கோ சீட்டோ நடுங்கினால்: வீல் பேலன்சிங். ரிம் வளைந்திருக்கலாம், டயரில் புடைப்பு இருக்கலாம். டயரைக் கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு இருந்தால் அந்த டயரில் ஓட்டவே கூடாது.

சமதளத்தில் நிற்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்: அந்தப் பக்கம் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பட்டை உடைந்திருக்கும்.

சின்ன மேடு பள்ளத்தில் "டக் டக்" சத்தம் வந்தால்: புஷ், அல்லது தளர்ந்த போல்ட்.

அடுத்து, கையால் அழுத்திப் பார்க்கும் சோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு மூலையில் உடம்பு பாரத்தைப் போட்டு இரண்டு மூன்று முறை அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் அந்த மூலை ஷாக் அப்சர்பர் சந்தேகம். காருக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் பின்னால் பட்டை வைத்த வேன், லோடு வண்டி என்றால் இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். பட்டை கடினமாக இருப்பதால் நம் பாரத்துக்கு அமுங்காது. தகடுகள் ஒன்றோடு ஒன்று உரசுவதாலேயே ஆட்டம் சீக்கிரம் நின்று போகும். ஷாக் போனது தெரியாமல் இருந்துவிடும். அதற்கு ஓட்டிப் பார்ப்பதும், ஆயில் கசிவைப் பார்ப்பதும்தான் வழி.

எதையெல்லாம் நாம் செய்யக் கூடாது?

ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய வண்டிக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது. ஜாக்கி நழுவினால் உயிர் போய்விடும். நின்ற வண்டியை டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாலே கசிவு தெரியும். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற வேண்டாம். அது அழுத்தி வைத்த நிலையில் இருக்கும். அதற்குரிய கருவி இல்லாமல் கழற்றினால் தெறித்து அடிக்கும். காரணம் கண்டுபிடிப்பது நம் வேலை, கழற்றி மாட்டுவது தெரிந்தவர் வேலை.

ஒர்க்‌ஷாப்பில் நடந்துகொள்ள வேண்டிய முறை

ஒன்று, கூடுதல் செலவு என்றால் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். துண்டுச்சீட்டு வேண்டாம், எந்த உதிரிபாகம், என்ன விலை, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

இரண்டு, மெக்கானிக்கை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள், அல்லது அவர் ஓட்ட நீங்கள் உட்காருங்கள். ஓட்டிப் பார்க்காமல் சொல்லும் விலைக்குத் தலையாட்டாதீர்கள்.

மூன்று, கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். மாற்றியது உண்மையா என்று அதுதான் சாட்சி.

நான்கு, பில்லும் வாரண்டி அட்டையும் வாங்கிப் பதிவேட்டில் ஒட்டுங்கள். குழுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும்.

ஐந்து, ஓட்டுகிறவர் கூடப் போக வேண்டும். அவர் பெண் என்றால் அவரே பேச வேண்டும். கூட வரும் தம்பியோ வீட்டுக்காரரோ பேசட்டும் என்று பின்னால் நிற்காதீர்கள்.

ரோட்டையும் கேட்க வேண்டும்

வண்டியைச் சரி செய்துவிட்டோம். ரோடு? நம் ஊர்களில் வீட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு வேகத்தடை போட்டுவிடுகிறார்கள். செங்குத்தாக, வெள்ளைக்கோடு இல்லாமல், பலகை இல்லாமல். இதற்கும் முறை இருக்கிறது. இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதல்படி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டும் வட்ட வடிவ வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அதாவது உயரம் ஒரு சாண் கூட இல்லை, அகலம் 12 அடி. மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். நம் ஊரில் இருப்பதை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

அளந்ததை எழுதிக் கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள் என்று ஆகியிருக்கிறது. வேகத்தடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கட்டாயம் வேண்டும். முறையாக வேண்டும் என்றுதான் கேட்கிறோம். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோடு இது.

அதுவரைக்கும் ஒரு சின்ன யோசனை. வேனில் பின் சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலேயும்தான் குலுக்கல் அதிகம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் சீட்டில் குறைவு. கர்ப்பிணி, முதியவர், ஆபரேஷன் ஆனவர்களை நடு சீட்டில் உட்கார வையுங்கள். முட்டைத் தட்டையும் அங்கேயே வையுங்கள்.

நிறைவாக...

இப்போது அந்த வேன் எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். ரொம்ப சொகுசு என்று பொய் சொல்ல மாட்டோம். பட்டை வைத்த வண்டி காலியாகப் போனால் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும், அது அதன் சுபாவம். முட்டை இன்னமும் அங்கொன்றும் இங்கொன்றும் உடைகிறது. ஆனால் அந்தத் தங்கச்சி திரும்ப வேனில் வந்தாள், நடு சீட்டில். பிரசவத்துக்கும் அதே வேனில்தான் போனாள். ஓட்டிக்கொண்டு போனது அதே அக்காதான்.

கையெழுத்துப் போடாத அந்தத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் படித்து, குறுக்கே கோடு போட்டு, "தவறான தீர்மானம், காரணம் விசாரிக்கப்படவில்லை" என்று எழுதினார்கள். முதலில் "பொம்பளை ஓட்டுனா இப்படித்தான்" என்று சொன்ன அக்காவே எழுதச் சொன்னார். அதற்குக் கீழே நாங்களும் கையெழுத்துப் போட்டோம். ஓட்டுநர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், மாசம் ரெண்டு தடவை காத்து செக் பண்ண யாராவது கூட வாங்க" என்றார். இப்போது கணக்கு எழுதும் தங்கச்சி போகிறாள்.

வண்டி வைத்திருக்கும் எல்லாக் குழுக்களுக்கும் அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டிய மூன்று வேலை தருகிறோம்.

1. கதவு ஸ்டிக்கரைப் பார்த்துக் காத்து அளவைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 15 நாளுக்கு ஒரு முறை அளந்து தேதி போடுங்கள். ஸ்டெப்னி டயரை மறக்க வேண்டாம்.

2. வண்டி நோட்டில் தேதி, ஓட்டியவர், பாரம், செலவு, சேதம் என்று ஐந்து பத்தி போடுங்கள். குறை தொடங்கும் நாளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

3. வண்டிக்கு அடியில் நான்கு ஷாக் அப்சர்பரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு உண்டா இல்லையா என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

சகோதரிகளே, வண்டி குதித்தாலும் சரி, தவணை தவறினாலும் சரி, குழுவுக்குள் சண்டை வந்தாலும் சரி, நாம் முதலில் ஒரு ஆளைத்தான் தேடுகிறோம். காரணத்தைத் தேடுவதில்லை. அன்றைக்கு அந்த நோட்டை ஒரு தங்கச்சி விரிக்காமல் இருந்திருந்தால், ஒரு பெண்ணின் பிழைப்பும் 23,000 ரூபாயும் போயிருக்கும். வண்டி அப்படியேதான் குதித்துக்கொண்டிருக்கும்.